விரலில் ஒட்டும் ஜவ்வு

இருட்டிய பிறகு கைப்பை தானாகக் கீச்சிடும் தொழில் என்னுடையது. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்த அவஸ்தை புரியும்.

காந்தத்தை உணரும் ஜவ்வு, வெங்காயத் தோலை விட மெல்லிசு. மலேசியாவில், கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஷீட் நசுக்கும் ரோலரில் வேலை செய்யும் பெண்களின் விரலில் அதை ஒட்ட வேண்டும். ரோலர் வாயில் காந்தம். விரல் நெருங்கினால் மெஷின் நிற்கும். ஒரு மாதச் சோதனை. நான் சரியாக ஒட்டாமல் யாருக்காவது விரல் போய்விடுமோ என்ற பயம் இன்றும் விடவில்லை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பை கத்திய இரவு

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றிரவு குவார்ட்டர்ஸில் நானும் என் ஒரு வயதுப் பிள்ளையும்தான். சுவரோரம் கீச், கீச். கான்வென்ட்டில் படித்த ஜெபமெல்லாம் வரிசையாக வந்தது. பக்கத்து வீட்டு மரியா அக்கா பாராங் கத்தியோடு வந்து பையைக் கொட்டினார். பையின் காந்தப் பொத்தானில் ஜவ்வு உரசி, ஜவ்வைச் சோதிக்க உள்ளே வைத்திருந்த பெட்டி கத்தியிருக்கிறது. அந்த ரோலரில் பாதி விரலைக் கொடுத்தவர் அக்கா. கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது அன்னைக்கே கத்தியிருந்தா, என் விரல் முழுசா இருந்திருக்கும்லா."

வளையல்

முதல் வாரம் ரோலர் சும்மா சும்மா நின்றது. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கழற்றிவிடப் போவதாக, வேலை வாங்கும் மண்டோர் சொன்னார். எல்லா ஜவ்வையும் உரித்து மறுபடி ஒட்டினேன். அப்படியும் நின்றது.

பிறகுதான் கவனித்தேன். ரோலர் பெண்கள் எட்டுப் பேர் மணிக்கட்டிலும் ஒரே மாதிரி காந்த வளையல். பிரஷர் இறங்கும் என்று மந்தின் டவுனிலிருந்து வந்த ஒருத்தி வீடு வீடாக விற்றது. ஜவ்வு அதையும் ரோலர் காந்தம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. கழற்றுங்கள் என்று கெஞ்சினேன். அவர்களில் ராசம்மா அக்கா கையை நீட்டினார்: "அப்ப பிரஷருக்கும் நீயே ஒண்ணு ஒட்டிவிடு, மிஸ்ஸி."

தீப்பெட்டி அகலம்

வளையல் கழன்ற மூன்றாம் நாள், ராசம்மா அக்காவின் கையை ஷீட் உள்ளே இழுத்தது. ரோலர் நின்றது. விரலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அகலம். அவர் ஷீட்டை உரித்துப் போட்டுவிட்டு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்: "எண்ணிக்கோ, பத்தும் இருக்கு."

லோரி வந்த நாள்

மாதம் முடிந்தது. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போக எங்கள் கம்பெனி லோரி வந்தது. பெண்கள் ரோலர் இருக்கும் ஸ்டோருக்குள், கதவு சாத்தியிருந்தது. மண்டோர் தட்டினார். மரியா அக்கா உள்ளிருந்தே பதில் சொன்னார்: "கழட்டச் சொன்னவரு வந்து முதல்ல ரோலர்ல கை விடட்டும்."

தோட்ட மேனேஜர் வந்தார். வாசலிலேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். ஜவ்வும் காந்தமும் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது. மண்டோர் டிரைவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "நீ கிளம்பு தம்பி, இவளுங்க திறக்க மாட்டாளுங்க."

ஜவ்வு ஒட்ட மட்டுமே சம்பளம் வாங்கும் இந்தப் பயந்தாங்கொள்ளிதான், அன்று அந்தக் கதவை உள்ளிருந்து தாழிட்டவள்.