பெயரில்லாத பெட்டிகள்

கடையின் பின்சுவரில் திரை போட்ட அலமாரி ஒன்று உண்டு. வாடிக்கையாளர்கள் அதற்கு வைத்த பெயர் கன்னிமாடம். உள்ளே போனது வெளியே வருவதில்லை என்பதால் அந்தப் பெயர். அதில் இருப்பவை எல்லாம் விற்றுப்போன பெட்டிகள். பிளாஸ்டிக் விமானம், பீரங்கி வண்டி, போர்க்கப்பல், ரோபோ என்று துண்டு துண்டாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டியவை. வாங்கிய ஆண்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். மனைவி கேட்பாள். "இங்கேயே இருக்கட்டும் வெங், பிறகு எடுத்துக்கிறேன்" என்பார்கள். அந்தப் பிறகு வருடக்கணக்கில் வராது.

வெங் என்பது என் அக்கா ரொவேனா. எங்கள் மொழியில் ஆத்தே என்றால் அக்கா; நான் ஆத்தே வெங் என்பேன். எங்கள் ஊரான கபனதுவானில், சந்தைக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தக் கடையில் அவள் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தாள். அப்பாவின் முழங்கால் வீங்கி வாடகை டிரைசிகிள் ஓட்ட முடியாமல் போன வருடம் அது. எனக்குப் பதினொன்று. ஒரு வருடம் மட்டும் என்று சொல்லித்தான் போனாள். என்னைப் படிக்க வைத்தாள். நான் படித்து முடித்ததும் தங்கை பிங்கை நான் படிக்க வைக்க வேண்டும், ஆத்தே தன் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நான் படித்தது நூலக அறிவியல். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஒரு வருடமாக வேலை இல்லை.

கடையில் ஆத்தேயின் வேலை விற்பது மட்டுமல்ல. பெட்டியைக் காதருகே வைத்து ஒருமுறை குலுக்குவாள். துண்டுகள் ஒட்டியிருக்கும் சட்டத்திலிருந்து ஒன்று கழன்றிருந்தாலும் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அதைவிட முக்கியம், கன்னிமாடத்தில் எது யாருடையது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு காலத்தில் பெட்டிகளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். பல் டாக்டர் ஒருவரின் மனைவி ஏதோ கேட்க வந்தவள் திரையை விலக்கி, தன் கணவர் பெயரைப் பதினேழு இடத்தில் பார்த்துவிட்டாள். அன்றே பெயர்ச்சீட்டுகளைக் கிழித்தார்கள். அதன் பிறகு எல்லாம் அவள் தலைக்குள்தான். ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் படுத்தபோது, முதலாளி சார் ஹெர்மி எங்கள் வீட்டுக்கே வந்து, கட்டிலருகே நின்று, "ரெண்டு இறக்கை வச்ச சிவப்பு விமானம் யாருடையது வெங்?" என்று கேட்டார். ஆத்தே கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

போன ஏப்ரலில் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. தைவானில் மின்னணுத் தொழிற்சாலை. பொடிப்பொடிப் பாகங்களைக் கையாண்ட அனுபவம் வேண்டும், முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஆத்தேக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து. தேர்வாகிவிட்டாள். கடையிலிருந்து ஓர் அனுபவச் சான்றிதழ் மட்டும் பாக்கி. திங்கட்கிழமைக்குள் அது மணிலாவில் இருக்க வேண்டும்.

சார் ஹெர்மி கெட்ட மனிதர் இல்லை. பிறந்தநாளுக்கு நூடுல்ஸ் வாங்கித் தருவார். ஆனால் அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை.

"நீ போயிட்டா இருநூறு பெட்டியும் அநாதை ஆயிடும் வெங். ஆளாளுக்கு என்னுது, உன்னுதுன்னு அடிச்சுக்குவாங்க. அதை ஒழுங்கு பண்ணு. கையெழுத்து ஓடியா போகுது?"

"பன்னெண்டு வருஷமா அதைத்தானே சார் ஒழுங்கு பண்ணிட்டு இருக்கேன்?"

"அதனாலதான் சொல்றேன்."

அங்கேதான் நான் நுழைந்தேன். பட்டியல் போடுவதுதானே நான் படித்த படிப்பு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் திரைக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வரிசை, இடம், உரிமையாளர். அவள் ஒரு பெட்டியைக்கூட யோசித்துச் சொல்லவில்லை. எனக்கு வியப்பைவிட வேறொன்றுதான் அதிகமாக இருந்தது. இவ்வளவு நினைவை இவள் எதற்காகவெல்லாம் பயன்படுத்தியிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே எழுதினேன்.

கீழ்வரிசை மூலையில் இருந்த ஒன்பது பெட்டிகளை மட்டும் தாண்டிப் போனாள்.

"இது யாருது ஆத்தே?"

"அதை விடு. அவங்க வந்து எடுத்துக்குவாங்க."

"பேர் வேணும். பட்டியல்னா பட்டியல்."

"நூலகரே, வாயை மூடிட்டு அடுத்ததை எழுது."

வெள்ளி மாலை பட்டியல் முடிந்தது. அது போதாது என்று எனக்குத் தோன்றியது. சார் ஹெர்மி இன்னொரு சாக்கு கண்டுபிடிப்பதற்குள் அலமாரியே காலியாகிவிட்டால்? டிசம்பர் குலுக்கல் பரிசுக்காக வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. பெயரும் தொலைபேசி எண்ணும். முப்பத்தொரு பேர். ஆத்தேயிடம் கேட்காமல், மரியாதையான மொழியில், அவரவர் பெட்டிக் கணக்கோடு, ஒவ்வொருவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினேன். "வணக்கம். தாங்கள் வாங்கிய 23 பெட்டிகள் எங்கள் கடையில் உள்ளன. ஞாயிறு மாலைக்குள் அன்புடன் எடுத்துச் செல்லவும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பெண் படியேறி வந்தாள். கையில் பெரிய சாக்குப் பை. நாங்கள் கூயா, அதாவது அண்ணன், என்று அழைக்கும் வங்கிக் காவலர் ஓபெத்தின் மனைவி, திருமதி லோலித்.

"இருபத்துமூணு" என்றாள் ஆத்தேயிடம். "எண்ணி வை."

ஆத்தே என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. பின்னால் ஓபெத் வியர்த்து வழிய ஓடிவந்து, என் சட்டையைப் பிடித்துக் காதோரம் சீறினார்.

"டேய், என் பொண்டாட்டி நம்பருக்கு ஏண்டா அனுப்புன?"

"நீங்கதானே கூயா சீட்டுல எழுதியிருந்தீங்க?"

"என் போன்ல என்னைக்குடா காசு இருந்துச்சு? பரிசு விழுந்தா சேதி வந்து சேரணும்னு அவ நம்பரை எழுதினேன். எல்லாரும் அப்படித்தாண்டா எழுதுவோம்."

"என்னங்க குசுகுசுப்பு?" என்றாள் லோலித். "இந்தக் கப்பல் மாதிரி இருக்கிறதையும் சேர்த்துத் தூக்குங்க. 'ஓவர்டைம், ஓவர்டைம்'னு இங்கதானே வந்து உட்கார்ந்தீங்க? இனிமே வீட்டுல உட்கார்ந்து ஒட்டுங்க. நான் பசை எடுத்துத் தரேன்."

மத்தியானத்துக்குள் பதினான்கு பெண்கள் வந்துவிட்டார்கள். மருந்துக்கடைப் பையன்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரும் பெரிதாகக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒருத்தி அழுதாள். ஒருத்தி, தன் கணவருடைய எட்டுப் பெட்டிகளையும் எதிர்வீட்டுக்காரருடைய பதினொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, கொஞ்சம் நிம்மதியடைந்த மாதிரி தெரிந்தாள். ஆத்தே ஒவ்வொரு பெட்டியையும் பட்டியலைப் பார்க்காமல் எடுத்து, ஒருமுறை குலுக்கிப் பார்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவர்கள் கண்ணைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க மேடம்" என்றாள். அவர்களுக்கு அவள் பன்னிரண்டு வருடமாகப் பொய் சொன்னவள். தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தையில் மீன் வாங்கும்போது சிரித்து, "ஓபெத் கடைக்கு வர்றதே இல்லையே" என்று சொன்னவள்.

மற்றவர்கள் ஞாயிறு காலை வழிபாடு முடிந்த கையோடு வந்தார்கள். மாலை நான்கு மணிக்கு அலமாரி வெறும் பலகையாக நின்றது. கீழ்வரிசை மூலையில் அந்த ஒன்பது பெட்டிகள் மட்டும்.

சார் ஹெர்மி வந்து திரையை விலக்கிப் பார்த்தார். பிறகு, "ஒழுங்கு பண்ணச் சொன்னேன். ஒழிச்சுக் கட்டச் சொல்லல" என்றார். "இந்த அலமாரி இருந்ததாலதான் அவனுங்க வாங்கினாங்க. இனி எவன் வருவான்? வெங், நீ இருந்தாதான் திரும்ப வருவாங்க. உன்னைத்தான் நம்புவாங்க. இப்ப எப்படி நான் கையெழுத்துப் போடுறது?"

ஆத்தே என்னைத் திட்டவில்லை. மூலையில் குந்தி, ஒன்பது பெட்டிகளின் தூசியைக் கையால் துடைத்தாள்.

"அது யாருது?" என்றார் அவர்.

"என்னுது சார்."

அருகே போய்ப் பார்த்தேன். ஒன்பதும் மோட்டார் சைக்கிள்கள். என் அக்காவுக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. தினமும் டிரைசிகிளில் நான்கு பேருக்கு நடுவில் நசுங்கி வருகிறவள்.

"வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்றேன்.

"வந்து? டிசம்பர்ல உன் படிப்புக்குக் கட்டணம். ஒன்பது வருஷமா ஒவ்வொரு டிசம்பர்லயும் போனஸ்ல ஒண்ணு வாங்கினேன். நீ பார்த்தா, இதுக்குக் காசு இருக்கான்னு கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன். அதுதான் உண்மை. அம்மாகூடக் கேட்டிருக்க மாட்டாள். நான் கேட்டிருப்பேன். லோலித் சாக்குப் பையோடு நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், ஆத்தே இடத்துல நான் உட்கார்றேன்" என்றேன்.

"உன்னையா? உன்னைப் பார்த்தாலே அவனுங்க அடிப்பானுங்க."

"அடிச்சதும் கோபம் போயிடும். பிங்க் படிச்சு முடிக்கிற வரைக்கும் இருப்பேன். நாலு வருஷம்."

ஆத்தே வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. சார் ஹெர்மி பேனாவைத் திறந்தார்.

திங்கள் விடியலில் மணிலா பேருந்து ஏறும்போது, "அந்தப் பெட்டிங்களை வீட்டுக்குக் கொண்டு போகாத" என்றாள். "அங்கேயே இருக்கட்டும். பிறகு எடுத்துக்கிறேன்."

மூன்று வாரம் யாரும் வரவில்லை. சார் ஹெர்மி தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்கட்டைப் பார்த்தார். நான் பெட்டிகளைக் காதில் வைத்துக் குலுக்கிப் பழகினேன். எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டன.

நான்காவது வாரம் புதன்கிழமை, கூயா ஓபெத் சீருடையோடு வந்து, என்னிடம் பேசாமல் அலமாரிகளைச் சுற்றினார். ஒரு சிறிய பீரங்கி வண்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"லோலித் பசை எடுத்துத் தராங்களா கூயா?"

"தராடா. பக்கத்துல உட்கார்ந்து, இந்தத் துண்டு கோணலா இருக்கு, அந்தத் துண்டு கோணலா இருக்குன்னு உயிரை எடுக்கிறா." குரலைத் தாழ்த்தினார். "இது இங்கேயே இருக்கட்டும்."

பென்சிலை எடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"எழுதாத. உங்க ஆத்தே எழுதினாளா?"

திரையை விலக்கி, கீழ்வரிசையில், ஒன்பது மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். இடமிருந்து பத்தாவது, ஓபெத். மனதுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டு திரையை இழுத்து மூடினேன்.