பெத்தாய் பறிக்கப் போன சித்தப்பா

பேராக் மாநிலத்துப் புலிகள் எல்லாம் கூட்டம் போட்டுத் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், உடையப்பன் சித்தப்பாதான் போட்டியின்றி வெற்றி பெறுவார். காட்டுக்கே வழி தெரியாமல் போனாலும் அவரிடம்தான் வந்து கேட்கும். இவ்வளவும் உண்மை, அவருக்கு வழி தெரியாமல் போன அந்த ஒரு தடவையைக் கழித்துவிட்டால்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் சித்தப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கருப்பம்மாள் சித்திக்கும் பக்கத்து மர நிரையில்தான் வேலை. ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போகலாம் என்று சித்தி சொல்ல, "அங்க போயி யாரு மூஞ்சியப் பாக்குறது" என்று சித்தப்பா மறுக்க, சித்தி துணிப்பையோடு லகாட்டிலிருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

போய் அழைத்துவர வெட்கம். வெறுங்கையோடு போவது அதைவிட வெட்கம். சித்திக்குப் பெத்தாய் என்றால் உயிர். காட்டு மரத்தில் காய்க்கும் அந்தப் பச்சைக் காய் நாலு கொத்து கையில் இருந்தால் பேச்சைத் தொடங்கிவிடலாம். வேலை முடிந்த கையோடு, இடுப்பில் வெட்டுக்கத்தியும் ஒட்டுப்பால் பையுமாக, தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் நுழைந்தார்.

காய் கிடைத்தது. திரும்பும் வழிதான் கிடைக்கவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. ஓடையோடு இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நடந்தார். அந்த ஓடையோ சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் ஒரு பொந்துக்குள் புகுந்து காணாமல் போனது. அங்கே உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். பிறகு யோசித்தார்.

நனைந்த சுள்ளி பற்றவில்லை. மர வெட்டில் காய்ந்த பாலை உரித்தெடுத்த ஒட்டுப்பால், ஈரத்திலும் எரியும். பையிலிருந்ததைக் கிள்ளிக் கிள்ளிக் கொளுத்திக் குளிர் காய்ந்தார். பகலில் கொஞ்ச தூரம் நடப்பார். வழியிலுள்ள மரங்களில், பால்மரத்தில் போடுவதுபோலவே சரிவாக ஒரு வெட்டு. தாழ்ந்த முனை தான் போகும் பக்கத்தைக் காட்டும்படி பார்த்து நின்று வெட்டுவார்.

பசியைச் சமாளித்தார். புகை கண்ணில் ஏறும்போதெல்லாம் வந்த நினைப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. பஸ் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்திருப்பாளா? எந்த ஜன்னல் வழியாக? ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம், சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்றிருந்தது.

சேதி கேட்டுச் சித்தி லகாட்டிலிருந்து ஓடிவந்தபோது, தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள்.

"மரத்துல வெட்டு இருக்கு தங்கச்சி. ரோத்தான் பிரம்பு வெட்டுறவனுங்க போட்டது லா," என்றார் சன்னாசி கங்காணி.

சித்தி தானே போய்ப் பார்த்தார். வெட்டு முடியும் இடத்தில் கத்தி லேசாகத் திரும்பிப் பட்டையைக் குத்தியிருந்தது.

"மரத்தக் காயப்படுத்துறான்னு தெனமும் அவர ஏசுவீங்களே கங்காணி. இந்தக் காயந்தான். தெரியலையா?"

கங்காணி ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார். வெட்டு வெட்டாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் மரங்களுக்கு மேலே கறுப்புப் புகை தெரிந்தது. சித்தப்பா ஒரு பாறையடியில் குந்தியிருந்தார். சித்தி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"எதுக்கு வந்தீங்க இங்க?"

"ஒனக்குப் பெத்தாய் பறிக்க."

"எங்க?"

"பசிச்சிது. தின்னுட்டேன்."

சித்தி சிரிக்கவில்லை. துண்டை ஓடையில் நனைத்து அவர் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஈப்போவுக்கே போலாம்," என்றார் சித்தப்பா.

ஆறு வருஷம் கழித்து, அந்த ஈப்போ வீட்டில், இவ்வளவையும் எழுதிய அண்ணன் மகன் அவருக்கு வாசித்துக் காட்டினான். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, அடுப்படியிலிருக்கும் சித்தி காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"குளிரு, பசி, பயம், எல்லாம் நான் சொன்னதுதான். அவ நெனப்பும் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா கட்டுன பொண்டாட்டிய எவன்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாப்பான்?"

எழுதியவன் தாளை மடித்தான்.

"பேரு என்ன லா, நீ நின்னு பாக்குற அந்தப் புள்ளைக்கு?" என்றார் சித்தப்பா.