கோலப்பொடிக்குப் பழகிய விரல்கள்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பங்கஜம் மாமி இனி கோயில் குளம் என்று இருப்பாள் என மந்தைவெளியே நினைத்தது. மாமியோ மொட்டைமாடியில் மின்சூளை வைத்து ஊறுகாய் ஜாடி செய்ய ஆரம்பித்தாள். கல்லாக வெந்து, தட்டினால் கணீரென்கிற ஜாடி.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தனபாலன் மாவடு சீசனுக்கு நாற்பது ஜாடி கேட்டார். மாதிரி ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைத்தார். மூன்றாம் நாளே ஜாடியின் பளபளப்பான மேல்பூச்சையும் தாண்டிக் கசிந்து தாள் நனைந்துவிட்டது. இன்னொன்று கொண்டு வாருங்கள், ஏழு நாள் வைப்பேன், அதுவும் கசிந்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். மாமியை அவமானம் பிடுங்கித் தின்றது.

சூட்டைக் கூட்டிப் பார்த்தாள். ஜாடி இடுப்பு சரிந்து உட்கார்ந்துவிட்டது. போதும், விட்டுவிடு என்றார் கணவர் ஸ்ரீரங்கன். விடுகிற ஆளா மாமி?

மறுநாள் காலை வாசலில் கோலம் போடும்போது பொடி விரலிடுக்கில் சரசரவென்று இறங்கியது. சட்டென்று கை நின்றது. களிமண்ணில் கலக்கும் வெள்ளைக்கல் பொடியையும் இப்படித்தானே பார்த்து வாங்கினாள்? சூளையில் உருகி மண்ணைப் பிணைப்பதே அந்தப் பொடிதான். கடையில் இருந்த நாலு மூட்டையிலும் கையை விட்டு, விரலில் ஒட்டாமல் இறங்கியதாகப் பார்த்து எடுத்திருந்தாள். கோலத்துக்கு அதுதான் லட்சணம், ஜாடிக்கு அதுதான் வினை. குருணையாக இருப்பது முழுசாக உருகாது. இடுக்கெல்லாம் திறந்தே கிடக்கும்.

"முப்பது வருஷப் பழக்கம். ஏன்னா, என் விரலே என்னை ஏமாத்திடுத்து" என்று ஸ்ரீரங்கனிடம் சொல்லிச் சிரித்தாள்.

பழைய கிரைண்டரை மாடிக்கு ஏற்றி, அதே பொடியைத் தண்ணீர் விட்டு நாள் முழுக்க அரைத்தாள். வேட்டித் துணியில் வடித்துக் காயவைத்தாள். இப்போது பொடி விரலை விட்டு விழவே மாட்டேன் என்றது. புது ஜாடி பழைய சூட்டிலேயே வெந்து கணீரென்றது.

ஏழு நாள் கழித்துத் தனபாலன் ஜாடியைத் தூக்கினார். தாளைத் தடவி, விரலை நாக்கிலும் வைத்துப் பார்த்தார். உப்பே இல்லை. தாளில் அச்சாகியிருந்த ஏழு நாள் பழைய தங்க விலை ஓர் எழுத்துக்கூடக் கலையாமல் இருந்தது.

"நாப்பதும் அனுப்புங்க மாமி" என்றார். "கூட ஒண்ணு, எங்க வீட்டுக்கு."

மாமி அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ரங்கநாதன் தெருவில் இடித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தபடி பஸ்ஸுக்கு நடந்தாள்.