ஏலத்துக்கு வந்த என் டிரம் பெட்டி

அன்று ஆலயத்துக்கு வெளியே பந்தலில் இருந்தவர்கள்: போதகர், ஏலம் விட்ட சபைச் செயலாளர், பாபநாசம் ரைஸ் மில்காரர், சபையார் முப்பத்தோரு பேர், என் மனைவி, நான். முப்பத்தோரு பேர் என்பதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பயம் வந்தால் எண்ணுவது என் வழக்கம். மேஜை மேல் பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல், அதன் பக்கத்தில் நான் கட்டிய டிரம் பெட்டி.

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் அவரவர் முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம். ஆராதனை முடிந்ததும் ஏலம், பணம் சபைக்கு. எனக்கு வயல் கிடையாது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். அந்தப் பெட்டி, தனித்தனிப் பாகங்களாக வரவழைத்து வீட்டிலேயே ஈயம் உருக்கி சால்டர் வைத்துக் கட்டிய அனலாக் டிரம் கிட். தட்டினால் டிரம் அடிக்கிற சத்தம் வரும். பதிவு செய்த ஓசை எதுவும் அதற்குள் இல்லை. டிரான்சிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த நேரத்தில் உண்டாக்குகிற சத்தம்தான்.

கூட வந்த செய்முறைத் தாள் இங்கிலீஷில் இருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டேன், ரெசிஸ்டரின் நிறக்கோடுகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு சால்டரையும் லென்ஸ் வைத்து மூன்று முறை பார்த்தேன். இருந்தும் ஸ்விட்ச் போடும்போது, "ஆண்டவரே, முதல் தடவையே சத்தம் வந்துட்டா இது உமக்கு" என்று சொல்லிவிட்டேன். வந்துவிட்டது.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

கொடுப்பதில் வருத்தமில்லை. ஆனால் சத்தம் கனமாக வர வேண்டும் என்று ஏழெட்டுப் பாகங்களை என் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தேன். எதையும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கட்ட முடியும்.

"ஐந்நூறு" என்றார் மில்காரர். "வயல்ல மயில் வெரட்ட ஆகும்."

"ஆயிரம்" என்றேன்.

செயலாளர் என்னைப் பார்த்தார். "குடுத்தவரே கேக்குறீங்களே?"

"ஏலம் எல்லாருக்கும் பொதுதான். கேக்கட்டும்" என்றார் போதகர்.

"அப்ப அடிச்சுக் காட்டுங்க. வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா?" என்றார் மில்காரர்.

மெல்லிசாக ஒரு தட்டுத் தட்டி நிறுத்தியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கட்டியவன் கை அப்படிச் செய்யாது. ஆலய ஸ்பீக்கரில் செருகி, குமிழைக் கடைசிவரை திருகி அடித்தேன். பந்தல் கீற்று அதிர்ந்தது. சேவல் வாழைத்தாருக்குப் பின்னால் போய் ஒண்டியது. எனக்கே நெஞ்சுக்குள் விழுந்தது அந்த அடி. நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன்.

மில்காரர் சிரிப்பை நிறுத்தினார். "இது மயிலுக்கு இல்லீங்க. நம்ம மாப்பிள்ள கச்சேரி செட் வச்சிருக்காரு. மூவாயிரம்."

"இப்ப சந்தோஷமா?" என்று மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

அதற்குப் பிறகு அவர் விலையைக் கூட்டிய ஒவ்வொரு தடவையும் சபையாரை மறுபடி எண்ணினேன். கை மட்டும் நேராகத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் ஏழாயிரம் என்றதும் மில்காரர் விட்டுவிட்டார்.

"செஞ்சவரே இந்த வெல குடுக்குறாருன்னா சரக்கு சுத்தமாத்தான் இருக்கும். அடுத்தத எனக்குக் கட்டுங்க" என்றார்.

அடுத்ததைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், முதல் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு. அன்று என் சட்டைப் பையில் இருந்தது ஆயிரத்து இருநூறு. சபைக்கு நான் இன்னும் தர வேண்டியது ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்.