ஆனை வாகனமும் பதினாறு தோள்களும்

எங்கள் ஊர்க் கோயில் சாமிக்கு வாகனம் ஒன்றே ஒன்று. மற்ற ஊர் சாமிகள் காளை, மயில், பூதம் என்று நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பவனி வருவார்கள். எங்களுடையவர் பத்து நாள் திருவிழாவுக்கும் அதே மர ஆனை மேல்தான் வருவார். ஒரே ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிற எனக்கு இதனாலேயே அவரிடம் ஒரு ஒட்டுதல் உண்டு.

ஆனை பார்ப்பதற்குத்தான் மரம். தூக்கினால் நிஜம். அடியில் இரண்டு நீளக் கம்புகள். ஒரு கம்புக்கு முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். ஆக மொத்தம் பதினாறு தோள்கள். ஆனைமேல் சாமி, சாமிக்குப் பின்னால் போத்தி. அர்ச்சகரை எங்கள் பக்கம் போத்தி என்றுதான் சொல்வோம். எங்கள் போத்தி நைவேத்தியத்தில் எதையும் வீணாக்காதவர். சாமியை விட அவர்தான் பாரம் என்பது தூக்குகிற எல்லாருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

ஐம்பது வயது வரைக்கும் நான் அந்தக் கம்பின் பக்கம் போனதில்லை. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்குப் பிசிக்ஸ் எடுக்கிறவன் நான். விசை, எடை, சமநிலை என்று போர்டில் படம் போட்டே காலத்தை ஓட்டியாயிற்று. பாரம் என்றால் எனக்குக் கீழ்நோக்கிய ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான்.

என் மச்சினன் அப்படி இல்லை. என் மனைவியின் தம்பி. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஐந்தே கால் அடி உயரம், அதற்குப் பொருந்தாத குரல். பதினெட்டு வருஷமாக வாகனத்தின் முன்கம்பில் அவனுக்கென்று ஒரு இடம். திருவிழாக் காலையில் பவனி முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, துவர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவான். "பாவம், சாமியச் சொமந்துட்டு வாறான்" என்று என் மனைவி சொல்லச் சொல்ல, அவன் இலையில் மட்டும் தோசை ஏறிக்கொண்டே போகும். வெறும் பசியைச் சுமந்துகொண்டு வந்த எனக்கு இரண்டாவது சட்னி கேட்கவே பயமாக இருக்கும்.

எனக்கு ஐம்பது வயதான அந்த வருஷம் கம்புக்காரர் ஒருவர் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆறடி ஒரு அங்குலம் இருக்கிற என்மேல் கமிட்டிக்காரர்களின் கண் விழுந்தது. மூன்றாம் திருவிழா, அதாவது மூன்றாம் நாள், அன்று காலை என்னைப் பிடித்து மச்சினனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"அத்தான், பயப்படாண்டாம். மனசு நெறைய சாமிய நெனச்சிட்டுப் பிடியுங்கோ. பாரமே தெரியாது" என்றான் மச்சினன்.

தூக்கியவுடன் தெரிந்தது. நான் நினைத்தது சாமியை அல்ல, என் எலும்பு டாக்டரை. மேலத்தெரு தாண்டுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. பக்கத்தில் மச்சினன் "ஹரகரா" என்று கத்தியபடி, எதிரே வந்த ஆளிடம் சிமெண்டு ஆர்டர் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தான்.

வீட்டுக்கு வந்தபோது என் வலது தோள் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. மனைவி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். ஒத்தடத்தோடு பேச்சும் வந்தது.

"எந்தம்பி பதினெட்டு வருசமாச் சொமக்கான். ஒரு நாள் ஒரு மொனகல் கேட்டிருப்பேளா? நீங்க ஒரே நாளுல இந்தக் கத்து கத்துதியோ."

மச்சினன் தோசையை மடித்தபடி சிரித்தான். சட்டை போடாத அவன் தோளைப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை, ஒரு கோடு இல்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த பிசிக்ஸ் சார் விழித்துக்கொண்டான்.

விஷயம் ரொம்ப எளிது. கம்பு வளையாது. என்னைப் போல நெட்டையர் இரண்டு பேர் நின்றால் கம்பு அவர்கள் தோளில் உட்கார்ந்துவிடும். குட்டையனின் தோள் அதை எட்டவே எட்டாது. எட்டாத தோள் என்ன விசையைக் கொடுக்கும்? பூஜ்யம். பூஜ்யமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கையை உயர்த்திக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் மேட்டிலும் பள்ளத்திலும் தன் எடையையும் சேர்த்துத் தொங்கப்போடுகிறான். என் தோளில் இருந்தது சாமி, போத்தி, ஆனை, அதோடு கொஞ்சம் மச்சினன்.

நாலாம் திருவிழாவுக்குப் போகும்போது மடியில் ஒரு திருவிழா நோட்டீசைச் செருகிக்கொண்டு போனேன். கீழத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஆரத்திக்காக வாகனத்தைத் தோளிலேயே நிறுத்தினோம். நான் இடது கையால் நோட்டீசை எடுத்து, மச்சினன் தோளுக்கும் கம்புக்கும் நடுவில் நுழைத்தேன். வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வந்தது. உபயதாரர்களின் பெயர் ஒன்றுகூடக் கசங்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த சனத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"எளவு, இது என்ன வெளையாட்டு?" என்றான் மச்சினன். அவன் முகம் குங்குமமாகிவிட்டது.

"சோதனைடே" என்றேன்.

எனக்கு எதிர்க்கம்பில் நின்ற கொத்தனார் ஒருவர், என் உயரம், "சாரே, அந்த நோட்டீச இங்க தாரும்" என்று வாங்கித் தன் பக்கத்து ஆட்கள் தோளிலும் விட்டுப் பார்த்தார். பவனி முடிவதற்குள் ஏழு பேர் தோளில் நோட்டீஸ் நுழைந்து வந்துவிட்டது. ஏழு குடும்பங்கள் என்னோடு பேச்சை நிறுத்தின. எட்டாவது என் குடும்பம்.

"கூடப்பொறந்தவன நடுத்தெருவுல வச்சு மானங்கெடுத்திட்டியளே" என்று சொல்லிவிட்டு என் மனைவி அன்று சாப்பாட்டைப் பாத்திரத்தோடு மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மச்சினன் வரவேயில்லை. அவன் பங்குத் தோசையையும் நானே தின்றேன். ருசியாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை கமிட்டித் தலைவர் கோயில் நடையில் வைத்து என்னைப் பிடித்தார். "குத்தம் சொல்லத் தெரிஞ்சா மட்டும் போராது ஓய். நீரே ஆள நிறுத்தும், பாப்பம்" என்றார்.

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பதினாறு பேரையும் சுவரோரமாக வரிசையில் நிற்கச் சொன்னேன். நெட்டையர் எட்டுப் பேரை முன்னாலும், குட்டையர் எட்டுப் பேரைப் பின்னாலும் பிரித்தேன். முன்னால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே உயரம், பின்னால் எல்லாரும் அப்படியே. எந்தத் தோளும் தப்ப முடியாது. கம்பு பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். சாமி லேசாக வானத்தைப் பார்ப்பார், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மச்சினன் என்னைப் பார்க்காமலே பின்னால் போய் நின்றான். பதினெட்டு வருஷ முன்கம்பு போய்விட்டது அவனுக்கு.

தூக்கினோம். முன்னால் எங்களுக்குச் சுகமாக இருந்தது. "சாரே, கொள்ளாமே!" என்று பாராட்டினார் கொத்தனார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஹரகரா இல்லை, சிமெண்டு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டு நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

வடக்குத் தெரு முடிவில் கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம். ஏற்றம் நாலைந்து எட்டுத்தான். தினமும் ஏறி இறங்குகிற இடம் என்பதால் நான் அதை நினைக்கவேயில்லை.

நினைத்திருக்க வேண்டும். முன்கம்பு மேட்டில் ஏறியது. பின்கம்பு பள்ளத்தில் நின்றது. ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருந்த ஆனை இன்னும் சாய்ந்து, வானத்தை நோக்கித் துதிக்கையைத் தூக்கியது. பாரம் கம்போடு ஒட்டியிருந்தால் இது பெரிய விஷயமில்லை. எங்கள் பாரமெல்லாம் உச்சியில் இருந்தது: ஆனையின் முதுகில் சாமி, சாமிக்குப் பின்னால் போத்தி. சாயச் சாய மொத்த எடையும் பின்னால் இருந்த எட்டுப் பேர்மேல் இறங்கியது. என் தோளில் கம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கணக்கில் பாரம் இருக்கும் உயரத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன் என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளை செய்தால் நான் இரண்டு மார்க் குறைக்கிற தப்பு.

"ஐயோ, பிடியுங்கலே!" என்றது மேலேயிருந்து ஒரு குரல். போத்தி ஆனையின் முதுகில் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டிருந்தார். கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது சாமியின் இடுப்பு. பெரிய அரளி மாலை அறுந்து பின்வரிசையின் தலையில் கொட்டியது. மேளம் நின்றது.

"அத்தான்!" என்று மச்சினன் கத்தினான். நேற்றிலிருந்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கம்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மச்சினனின் முழங்கால் மடங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அரளிப் பூ ஒட்டியிருந்தது. ஆனாலும் தோளை விடவில்லை. அவனுக்குப் பின்னால் குனிந்து நுழைந்து, கம்புக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிர்ந்தேன். "ம், ஏத்து மக்கா!" என்று யாரோ குரல் கொடுக்க, எல்லாருமாகத் தள்ளிப் பாலத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டோம்.

உச்சிக்கு ஏறினால் இறங்கத்தானே வேண்டும். இறக்கத்தில் அத்தனை பாரமும் முன்னால் போயிற்று. முன்னால் நான் இல்லை.

"அந்த வாத்தியான எங்கலே?" என்று கொத்தனார் கேட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை சாமி கேட்டிருக்கக் கூடாது. போத்தி இப்போது முன்பக்கமாக வழுக்கி, சாமியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எப்படியோ சமதரைக்கு வந்து, வாகனத்தை முட்டுக்கட்டைகளில் இறக்கி வைத்தோம். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. போத்திக்கு வேட்டி அவிழ்ந்ததோடு சரி. மூன்று செல்போன்களில் வீடியோ எடுத்திருந்தார்கள்.

மச்சினன் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து துவர்த்தை எடுத்தான். தோள் கன்றிப் பழுத்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா? இவ்வளவு பாரமா இது?"

"ஆமடே."

"நான் சத்தியமாச் சொமந்ததாத்தான் நெனச்சேன். பதினெட்டு வருசம். சாமி பாரத்தத் தெரியாம ஆக்குகாருண்ணு நெனச்சேன்." "ஒரு கடலாசு நோட்டீச வச்சு இப்பிடி ஆக்கிட்டியளே."

அவன் ஏமாற்றுக்காரன் என்று நினைத்துத்தான் நான் நோட்டீஸ் கொண்டுபோனேன். அவன் பக்தன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் தலையில் சிக்கியிருந்த அரளி நாரை எடுத்துப் போட்டேன். அதற்குமேல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே அவன் கடைக்கு எங்களைக் கூப்பிட்டான். அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பதினாறு பேரையும் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, தோள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டான். நான்தான் உச்சிக்கோடு, அவன் கடைசிக்கு முந்தினது. பிறகு ஒரு பழைய மெத்தையைக் கிழித்து உள்ளே இருந்த பஞ்சுப் பாளத்தை வெளியே எடுத்தான். ஒவ்வொருவர் கோட்டுக்கும் உச்சிக்கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளியோ, அதற்கு இரண்டு விரல் கூடுதலாகப் பஞ்சை அடுக்கி, சாக்குத் துணி சுற்றித் தைக்கக் கொடுத்தான். எனக்கும் இரண்டு விரல் கனத்தில் ஒன்று.

"கட்டையை வச்சா போராதா? பஞ்சு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"கட்டைண்ணா ஒரு நூல் கூடினாலும் அவந்தலையில எல்லாப் பாரமும் ஏறும். பஞ்சுண்ணா அமுங்கும்லா? பாரம் கூடுதலா இருக்கவன் பஞ்சு கூடுதலா அமுங்கும், அடுத்தவன் தோளும் கம்பத் தொடும். அதுவே சரி பண்ணிக்கிடும்."

இரண்டு இடத்தில் தாங்கினால் பாரத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டுவிடலாம். பதினாறு இடத்தில் தாங்கினால் சமநிலைச் சமன்பாடுகள் மட்டும் போதாது. தாங்குகிற பொருள் எவ்வளவு அமுங்கும் என்பதும் தெரிய வேண்டும். இதைக் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை.

ஆறாம் திருவிழா அன்று ஆனை ஆடாமல் போனது. இந்தத் தடவை நெட்டையரையும் குட்டையரையும் கலந்து நிறுத்தினான் மச்சினன். அவன் மறுபடியும் முன்கம்புக்கு வந்துவிட்டான். ஹரகரா கொஞ்சம் குறைந்திருந்தது, மூச்சு வாங்கியது. பவனி முடிந்தபோது பதினாறு பேரும் தோள் வலிக்கிறது என்றார்கள். ஊரில் அப்படி ஒரு நியாயம் நடந்து நான் பார்த்ததில்லை.

திருவிழா முடிந்து வகுப்புக்குப் போனேன். முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அந்தப் பாலத்து வீடியோவுல முன்னால உள்ள விசை எவ்வளவு, பின்னால உள்ளது எவ்வளவு?" என்று கேட்டாள். வகுப்பே மேசையில் கவிழ்ந்து சிரித்தது. படம் போட்டு முழுசாகக் கணக்குச் செய்து காட்டினேன், போத்தியின் எடை உட்பட. அந்த வருஷம் அந்தப் பாடத்தில் ஒருத்தரும் தோற்கவில்லை.

போத்திதான் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. அடுத்த திருவிழாவுக்கு முன்னால் கமிட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது ஆனையின் முதுகில், பட்டுத்துணிக்கு அடியில், லாரியில் சரக்குக் கட்டுகிற பெல்ட் ஒன்று இருக்கிறது. மச்சினன் கடை உபயம். தீபாராதனை முடிந்ததும் போத்தி மேலே ஏறி, சாமிக்கு மாலையைச் சரிசெய்து, அதைத் தன் இடுப்பில் இறுக்கி மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்து, "ம், தூக்குங்கோ" என்பார்.