வெர்னா சுரண்டிய நீலப் பெயிண்ட்

மரம் ஏற்றும் லாரியை வெர்னா பெக் போலத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எங்கள் மலைப்பக்கத்தில் வேறு யாரும் கிடையாது. வசந்தத்தில் பனி உருகி ரோடெல்லாம் சேறாகிவிடும், காட்டு வேலை நின்றுபோகும். அந்த ஓய்வில் மற்ற டிரைவர்கள் மீன் பிடிப்பார்கள், பீர் குடிப்பார்கள், வீட்டில் திட்டு வாங்குவார்கள். வெர்னா லாரிக்குப் பெயிண்ட் அடிப்பாள்.

அடிக்காமல் என்ன செய்வாள்? மரம் வெட்டும் முகாமில் பல வருஷம் சமைத்தவள் அவள். காய்ச்சலில் படுத்த ஒரு டிரைவருக்குப் பதிலாக ஒருநாள் லாரியை மலையிலிருந்து இறக்கினாள். அன்றோடு கரண்டியை வைத்துவிட்டாள். யாரும் சீந்தாத ஒரு பழைய லாரியை வாங்கி, போல்ட் போல்ட்டாகக் கழற்றித் துடைத்து ஓடவைத்தாள். "அப்பத்துக்கு மாவு கலக்கினவளுக்கு கியர் போடத் தெரியுமா?" என்று கேட்டவர்கள் எல்லாம் அடுத்த குளிர்காலத்தில் அவள் பின்னால் வரிசையில் நின்று லோடு ஏற்றினார்கள். அதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

நான் சொல்லும் அந்த வசந்தத்தில் வெர்னா ஒரேயடியாக இறங்கிவிட்டாள். கேபின், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ், இன்ஜினை மூடும் பானெட் என்று ஒன்றையும் விடவில்லை. குறுக்கே கிடந்த வயர், செம்புப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு இரும்பு தெரியாமல் இரண்டு கோட்டு நீலம் அடித்தாள், பக்கவாட்டில் வெண்ணெய் நிறத்தில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கழற்றியதை எல்லாம் அதனதன் இடத்தில் முறுக்கினாள். வேலை மறுபடி தொடங்கிய அன்று லாரிக் கொட்டகையில் எல்லாத் தலையும் திரும்பியது.

டிரைவர்கள் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோவைப் போட்டதும்தான் வந்தது வினை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே ஒரு கொசு 'ங்ஙீ' என்று கிளம்பியது. மிதிக்க மிதிக்கக் கொசு பெரிதானது. யார் பேசினாலும் பாதிப் பேச்சை அது தின்றது.

எங்கள் மலை ரோட்டில் ரேடியோ இல்லாதவன் கண் இல்லாதவன். ஒரு வண்டி அகலம்தான் பாதை. ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதும் எத்தனையாவது கிலோமீட்டர், லோடா காலியா என்று டிரைவர் சொல்லியாக வேண்டும். லோடு இறங்குகிறது என்று கேட்டால், ஏறும் காலி வண்டி ஒதுங்குமிடம் பார்த்து நின்றுவிடும். மரம் ஏற்றிய லாரி சரிவில் நினைத்த இடத்தில் நிற்காது.

கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்த்தாள் வெர்னா. கொசு செத்தது. பெல்ட்டை மாட்டினாள், மறுபடி உயிர் வந்தது. டவுனிலிருந்து இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று வாங்கிவந்து பொருத்தினாள். சத்தம் பாதியானது, ஒழியவில்லை.

"என்ன வெர்னா, மாவு கலக்குற மெஷினை இன்னும் விடலையா? நீ பேசுனா அதான் கேக்குது" என்று ரேடியோவிலேயே சிரித்தான் லாயிட். அவளுக்கு மூத்த டிரைவர், நல்லவன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"உன் பேச்சைக் கேக்குறதுக்கு அந்த மெஷினே தேவலை" என்றாள்.

சிரிப்பு அந்த வாரமே அடங்கியது. காலி வண்டியோடு பதினான்காம் கிலோமீட்டர் வளைவில் ஏறிக்கொண்டிருந்தாள். "பதினஞ்சு, லோடு" என்று லாயிட் சொல்லியிருக்கிறான். கொசு அதை விழுங்கிவிட்டது. வளைவு திரும்பினால் எதிரே மலை மாதிரி லாயிட்டின் லாரி. அவன் பிரேக்கை மிதித்து, பக்கத்து மண்மேட்டில் உரசி, அவள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் நின்றான். இறங்கி வந்தவன் திட்டவில்லை. இரண்டு லாரிக்கும் நடுவே இருந்த இடைவெளியை முழங்கையை நீட்டி அளந்து பார்த்தான். அதைப் பார்த்த வெர்னாவுக்குத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

லாயிட் ரேடியோவில் சொன்னதைக் கேட்டு ஃபோர்மேன் டங்கன் பிக்கப் வேனில் பறந்து வந்தார்.

"லாயிட் சொன்னது உனக்குக் கேட்டுச்சா, இல்லையான்னு மட்டும் சொல்லு."

"கேக்கல."

"அப்ப வண்டியோட கீழ இறங்கு, நான் முன்னால போறேன். நாளைக்குக் காலையில ரேடியோ சுத்தமா இல்லன்னா உன் இடத்துக்கு வேற லாரி வரும். உம்மேல கோவம் இல்ல வெர்னா, யாரையும் சவப்பெட்டியில அனுப்ப எனக்கு இஷ்டமில்ல."

வெர்னா வண்டியைத் திருப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அத்தனை வருஷ உழைப்பும் ஒரு கொசுவிடம் போகப்போகிறதே என்று பொருமினாள். ஒன்பதாம் கிலோமீட்டரில் ஒரு பாழாய்ப்போன பள்ளம் உண்டு, முதுகெலும்பை எண்ணிவிடும். லாரி அதில் விழுந்து குலுங்கியபோது கொசு ஒரு கணம் நின்றது. பிறகு தொடங்கிவிட்டது. அடுத்த குலுக்கலில் மறுபடி நின்றது.

குலுங்கினால் எது எதைத் தொடுகிறது?

கொட்டகைக்கு வந்ததும் வெர்னா பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் ஜம்பர் கேபிளை எடுத்தாள். ஒரு முனையைக் கேபின் கதவின் கீலில் பல் பதியக் கவ்வவிட்டாள். மறுமுனையைச் சேசிஸில் துருத்திய ஒரு பழைய போல்ட்டில் கவ்வவிட்டாள். இன்ஜினை முறுக்கினாள். ரேடியோவில் கொசு வாயே திறக்கவில்லை.

கேபின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேசிஸோடு சேர்ப்பது பின்னிய செம்புப் பட்டைதான், கரண்ட் திரும்பிப் போகும் வழி அது. இரும்பை ஒட்டி இறுக வேண்டிய பட்டையை, பார்த்துப் பார்த்து அடித்த இரண்டு கோட்டுப் பெயிண்டின் மேல் இறுக்கியிருக்கிறாள். பானெட் பட்டையும் அப்படித்தான், இன்ஜின் பட்டையும் அப்படித்தான். வழி அடைபட்ட கரண்ட்தான் ரேடியோவுக்குள் கொசுவாகப் புகுந்திருக்கிறது.

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள் வெர்னா. பிறகு கம்பி பிரஷ்ஷை எடுத்தாள்.

லாயிட் காபியோடு வந்தபோது நீலப் பொடி தரையில் கொட்டிக்கிடந்தது. "ஐயோ, அந்த நீலத்தையா சுரண்டுற? மனசு வருதா உனக்கு?"

"வரலைதான். அதனால பேசாம அந்தப் பல் வாஷரை எடுத்துக் குடு."

பட்டை உட்காரும் ஒவ்வொரு இடத்தையும் வெள்ளி போல மின்னும்வரை தேய்த்தாள். கடிக்கிற வாஷர் போட்டு இறுக்கினாள், துரு ஏறாதபடி மேலே கிரீஸ் பூசினாள். வேதனையாகத்தான் இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

காலையில் டங்கன் கேபினில் ஏறி உட்கார்ந்தார். அவளை முழு வேகத்துக்கு இன்ஜினை முறுக்கச் சொன்னார். மேலே எங்கோ இருந்து லாயிட் குரல் தெளிவாக வந்தது: "டங்கன், அவளை அனுப்பு. லாரி வராம காட்டுல எல்லாம் தூங்கி வழியுறானுங்க." டங்கன் இறங்கிக் கதவைச் சாத்தி, மேலே போகும்படி கையைக் காட்டினார்.

பதின்மூன்றைத் தாண்டியபோது "பதினஞ்சு, லோடு" என்று கேட்டது. வெர்னா ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்தினாள். லாயிட்டின் லாரி புழுதியோடு கடந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினான். அதற்கு மேல் மரியாதை எங்கள் ரோட்டில் கிடையாது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு சேறு காலத்திலும் வெர்னா பெயிண்ட் அடித்தாள். முதலில் பட்டை உட்காரும் இடங்களில் எல்லாம் டேப் ஒட்டிவிடுவாள். ரேடியோ இரைகிறது என்று வருகிற டிரைவர்களுக்கு வெண்ணெய் நிறக் கோட்டைக் காட்டமாட்டாள். பானெட்டைத் தூக்கி, கிரீஸைத் துடைத்து, உள்ளங்கையளவு வெற்று இரும்பைக் காட்டுவாள். "என் வண்டியில அழகான இடம் இதான்" என்பாள்.

ரேடியோ சரியான அந்த முதல் நாள் மாலை அவள் லோடோடு இறங்கும்போது மலை முழுக்கக் கேட்டது அவள் குரல்: "முப்பத்தொண்ணு, லோடு. வெர்னா வர்றேன்." கீழே ஏறிக்கொண்டிருந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி நின்றன.