அக்கா உதவி கேட்ட விதம்

எங்கள் அருமை அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரைத் தூக்கி உட்கார வைத்திருப்பீர்கள். அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளியிருப்பீர்கள். ‘சொல்லாமல் தள்ளாதீர்கள்’ என்று அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா தெலுங்கு பேசும் ஊரான லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். அப்பா, பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். நடை பழகிய வயதில் அக்காவுக்குப் போலியோ வந்தது. காய்ச்சல் இறங்கியது, கால்கள் மட்டும் திரும்பவில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்குப் பிறகு அக்காவைத் தூக்குவது அப்பாவின் பொறுப்பாகவும், குளிப்பாட்டி உடுத்துவது என் பொறுப்பாகவும் ஆயிற்று. அவருக்குச் சடை பின்னிப் பழகிய பிறகுதான் எனக்கு நானே பின்னிக்கொள்ளக் கற்றேன்.

அக்கா கல்லூரியில் தத்துவம் எடுத்தார். ‘இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்?’ என்று உறவினர்கள் கேட்டார்கள். அப்பா காலையில் அக்காவை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஒரு துண்டால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவார். வகுப்பு பெஞ்சில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்து தூக்கி வருவார். அதே கல்லூரியில் அக்கா பின்னாளில் விரிவுரையாளராகி, ஓய்வு பெறும்வரை அறவியல் கற்பித்தார்.

அவர் வகுப்பில் என்ன சொல்வார் என்பதை மாணவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அறவியல் நூல்களில் வரும் மனிதன் எப்போதும் திடமாக, தனியாக நிற்கிறான். நின்றபடி எது சரி, எது தவறு என்று முடிவு செய்கிறான். அவனைக் குளிப்பாட்டியது யார், காய்ச்சலில் கஞ்சி ஊட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை. ‘நாம் அங்கிருந்து தொடங்குவோம்’ என்பாராம்.

அதற்காக அக்கா சாந்தசொரூபி என்று எழுதிவிட முடியாது. முன்கோபி. பரிதாபப்பட்டால் பிடிக்காது. ஆராதனை முடிந்து வரும்போது ஒரு அம்மையார் அவர் தலையைத் தடவி, “உனக்காக தினமும் ஜெபம் பண்றேன் பிள்ளை” என்றார். அக்கா, “சந்தோஷம்மா. அப்படியே அந்தக் கதவையும் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க” என்றார். அந்த அம்மையார் அன்று கதவைப் பிடித்ததோடு நிற்கவில்லை. கடைசிவரை ஞாயிறுதோறும் எங்கள் ஆட்டோ வருகிறதா என்று வாசலில் காத்திருந்தார்.

அப்பா ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. அவரைக் கவனிக்க யாதம்மா என்ற அம்மையார் வந்தார். வந்த நாளிலிருந்தே அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். நான் டம்ளரை நீட்டினால், “தாகமில்லம்மா” என்பார். சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலில் நினைவு தடுமாறவே, மருத்துவமனையில் சேர்த்தோம். வீடு திரும்பிய பிறகும் அதே பதில்தான். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

ஒரு மத்தியானம் அக்கா தம் நாற்காலியை அப்பாவின் கட்டிலை ஒட்டி நிறுத்தச் சொன்னார்.

“அப்பா, நீங்க ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“குடிச்சா யாதம்மா வந்து பிடிக்கணும், துடைக்கணும். அதுக்குத்தானே?”

“பொம்பளைப் பிள்ளை முன்னால எப்படிம்மா...” என்றார் அப்பா, குழறிய பேச்சில்.

“காலேஜ்ல படிச்ச காலம் முழுக்க நானும் அப்படித்தான் இருந்தேன். பாத்ரூம் பின்பக்கம், படி இறங்கிப் போகணும். காலையில நீங்க கொண்டு விட்டா, சாயங்காலம் நீங்க வர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல.”

அன்றுவரை எனக்கும் இது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடிப்பார். வெயில் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

அப்பா மெல்ல அக்காவின் பக்கம் திரும்பினார். பிறகு, “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?” என்றார்.

“வெட்கமா இருந்துச்சு. சொன்னா மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டு ஓடி வருவீங்கன்னும் தெரியும்.”

“வந்திருப்பேன்.”

“எனக்கு அந்த வெட்கம் இன்னும் போகலைப்பா. உங்களுக்கும் போகாது. வெட்கத்தோடயே குடிங்க.”

அப்பாவின் கண்கள் நிறைந்தன. இடக்கையை நீட்டினார். டம்ளரை நான் தாங்கிக்கொள்ள, முழுவதையும் குடித்தார்.

அடுத்த நாள் முதல் யாதம்மாவிடம் தம் ஒர்க்‌ஷாப் ஹிந்தியில் அவரே சொல்லத் தொடங்கினார்: எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று. சொன்னால்தானே தெரியும் என்று யாதம்மா தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். அப்பா மேலும் சில ஆண்டுகள் எங்களோடு நிம்மதியாக இருந்து காலமானார்.

பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். உதவிக்கு யாதம்மா தொடர்ந்து வந்துபோனார். கடைசிச் சில ஆண்டுகளில் அக்காவின் கைகளும் தளர்ந்தன, பிறகு மூச்சும். ஆஸ்பத்திரியில் நாட்களை நீட்டிக்க அவர் விரும்பவில்லை. வீட்டில் மூச்சுக்கருவி வைத்தோம். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பவும் ஆள் வேண்டியிருந்தது. பழைய மாணவிகள் முறை வைத்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினார்கள். சில நாட்கள் எரிந்து விழுவார். சில நாட்கள் அழுவார். “கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுடி” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலையில் யாதம்மா ராகிக் கஞ்சி ஊட்டினார். இரண்டு கரண்டிக்குப் பிறகு, “நக்கோ யாதம்மா, பஸ்” என்று இந்த ஊர் ஹிந்தியில் போதும் என்றார் அக்கா. என்னிடம் தலையணையை ஏற்றிவைக்கச் சொன்னார். ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு, “இப்ப சரியா இருக்கு” என்றார். சற்று நேரத்தில் அமைதியாக நித்திரையடைந்தார்.

இரண்டு தலைமுறையைத் தாங்கிய யாதம்மாவுக்கும், ஆட்டோவை வாசற்படி வரை கொண்டு வந்த ஓட்டுநர் அண்ணனுக்கும், மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், சபையாருக்கும், அக்காவின் மாணவிகளுக்கும், ஊரிலிருந்து ஓடி வந்த உறவினர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. வாழ்நாள் முழுதும் ஒருவரைக் கவனித்தே பழகியவள் நான். வெறும் வீட்டில் இருக்க எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்து யாருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து வீட்டுக்கு வாருங்கள். போன் செய்துவிட்டு வர வேண்டியதில்லை. எனக்குத் துணை வேண்டியிருக்கிறது.

— தங்கை